பழைய லென்ஸும் பத்தாயிரம் ரூபா லென்ஸும்

கொஞ்ச நாளாவே எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம். கேமரா வச்சிருக்கற நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா பேச்சு எப்படியும் இங்க வந்து நின்னுடுது. "பழைய லென்ஸ் மாதிரி வராதுப்பா. இப்ப வர்றதெல்லாம் ப்ளாஸ்டிக். ஷார்ப்பா இருக்கும், ஆனா ஆன்மா இருக்காது."

ஆன்மாங்கற வார்த்தையை ரமணாசிரமம் வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னா அதுக்கு வெயிட் கூடிடுது :-) செங்கம் ரோட்டுல சாயங்காலம் நடந்தீங்கன்னா கழுத்துல பெரிய டி.எஸ்.எல்.ஆர் தொங்கறவங்க, மிரர்லெஸ் பாடியில பித்தளை அடாப்டர் போட்டு ருஷ்ய லென்ஸ் மாட்டினவங்க, வெறும் மொபைலோட வந்தவங்கன்னு எல்லா ஜாதியும் பார்க்கலாம். அங்க ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அண்ணா, கையில பத்தாயிரம் இருக்கு. ஹீலியோஸ் வாங்கட்டுமா, புது ஐம்பது வாங்கட்டுமா?"

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பத்தாயிரம் ரூபாயை வச்சு முதல் முறையா ஒரு நல்ல லென்ஸ் வாங்கறவங்க, மலிவான புது 50 மி.மீ. எஃப்/1.8 வாங்குங்க. பழைய லென்ஸ் வீட்லயே இருந்தா அதை விக்காதீங்க, பத்திரமா வச்சு உபயோகப்படுத்துங்க. இருக்கறதைக் காப்பாத்தறது ஒரு விஷயம். இல்லாததை, யாரோ சொன்னாங்கன்னு விலை கொடுத்துத் தேடிப் போறது வேற விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பறதாலதான் நிறைய பேர் காசு விடறாங்க.

ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

அந்தப் படங்கள் எல்லாம் "பழைய லென்ஸ்"ல எடுத்ததா?

ஆன்மா கட்சிக்காரங்க எப்பவும் காட்டற ஆதாரம் ரமண மகரிஷியோட படங்கள். ஆசிரமத்துச் சுவர்லயும், புத்தகக் கடையிலயும், பாதி தமிழ்நாட்டு பூஜை அறையிலயும் இருக்கற அந்த முகம். வெல்லிங் எடுத்த மார்பளவு படத்தை பார்க்காதவங்க நம்மள்ல குறைவு. "பார்த்தியா, அந்த மென்மை, அந்த ஒளி, இதெல்லாம் இன்னிக்கு லென்ஸ்ல வருமா?"ன்னு கேட்பாங்க.

ஒரு சின்ன விஷயத்தை மறந்துடறாங்க. அந்தப் படங்களை எடுத்த அன்னிக்கு அந்த லென்ஸ் எதுவும் பழசு இல்ல.

1949 மே மாசம் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில மகரிஷியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதுக்குப் படம் எடுத்தவர் எலியட் எலிசஃபோன். உலகம் சுத்தின பத்திரிகைக்காரர். அன்னிக்குக் கிடைச்ச நல்ல சாமானோடதான் வந்திருப்பார், தாத்தா காலத்துக் கேமராவைத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டு வந்திருக்க மாட்டார். அடுத்த வருஷம், 1950 ஏப்ரல்ல, ஹென்றி கார்த்தியே-ப்ரஸோன் திருவண்ணாமலையில இருந்தார். மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். ஏப்ரல் 14 ராத்திரி 8.47க்கு மகரிஷி உடலை விட்டப்போ, வானத்துல ஒரு ஒளி நகர்ந்து மலைப்பக்கம் போனதைப் பார்த்து மணியைக் குறிச்சுக்கிட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். 'மேக்னம்'ங்கற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பு ஆரம்பிச்சு அப்ப மூணு வருஷம்தான் ஆகியிருந்தது.

கார்த்தியே-ப்ரஸோன் வாழ்நாள் முழுக்க லைக்கா ஆளு, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ். இன்னிக்கு லைக்கான்னா நமக்குப் பழம்பெருமை ஞாபகம் வரும். ஆனா லைக்கா கடைக்கு வந்ததே 1925லதான். அவர் 1930களோட ஆரம்பத்துல அதை வாங்கினப்போ, "இந்தக் குட்டிப் பொட்டியில என்னத்த எடுப்பே"ன்னு பெரிய ப்ளேட் கேமராக்காரங்க சிரிச்ச காலம். அதாவது அவர் கையில இருந்தது அன்னிக்கு மிரர்லெஸ்!

இன்னொருத்தரையும் சொல்லணும். டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி. சென்னையில மருத்துவர். நம்மள மாதிரி வேற வேலை பார்த்துக்கிட்டு, ஆசிரமத்துக்கு வந்து போய்க்கிட்டு, மகரிஷியை நிறைய படம் எடுத்தவர். இன்னிக்கு நாம பார்க்கற படங்கள்ல பல அவர் எடுத்ததுதான். வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப வந்த ஒரு மனுஷர், கேமராவைக் கண்டு கொஞ்சமும் அலட்டிக்காம உட்கார்ந்திருந்த இன்னொரு மனுஷர். படத்துல இருக்கற மென்மை அங்கிருந்து வருது. அதுல லென்ஸோட பங்கு எவ்வளவுன்னு கேட்டா, குறுக்க வராம ஒதுங்கி நின்னதுதான்.

கண்ணாடிக் கணக்கு

சரி, "பழைய லென்ஸ் ஒளி"ன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கே, அது என்ன? இருக்கு. மறுக்கல. ஆனா அது மந்திரம் இல்ல, கணக்கு.

ஒளி காத்துல இருந்து கண்ணாடிக்குள்ள நுழையும்போதும், வெளிய வரும்போதும், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போயிடும். ஜன்னல் கண்ணாடியில நம்ம முகம் தெரியுதே, அதுதான். லென்ஸுக்குள்ள பல கண்ணாடி இருக்கு. எத்தனை பரப்பு காத்தைத் தொடுதோ அத்தனை தடவை இழப்பு.

ஹீலியோஸ் 44-ஐ எடுத்துக்குங்க. ஆறு கண்ணாடி, நாலு தொகுதி. அதாவது காத்தைத் தொடற பரப்பு 8. பூச்சே இல்லாம விட்டா நூறு பங்கு ஒளியில 72 பங்குதான் ஃபிலிமுக்குப் போகும். காணாமப் போன 28 பங்கு சும்மா போகாது. அதுல ஒரு பகுதி உள்ளுக்குள்ளயே முட்டி மோதி, கடைசியில படம் முழுக்க மெல்லிசா பால் ஊத்தின மாதிரி படியும். கறுப்பு சாம்பலாயிடும். அந்தப் பாலைத்தான் நாம "க்ளோ", "ஆன்மா"ன்னு பேர் வச்சு கூப்பிடறோம்.

அன்னிக்கு லென்ஸ் செஞ்சவங்களுக்கு இது தலைவலி. 1930கள்ல ஸைஸ் கம்பெனியோட சோனார் 50 எஃப்/1.5 லென்ஸுக்கு அவ்வளவு மவுசு வந்ததுக்கு ஒரு காரணமே இதுதான். ஏழு கண்ணாடி இருந்தும் மூணே தொகுதியா ஒட்டிட்டாங்க, காத்தைத் தொடற பரப்பு ஆறோட நின்னுடுச்சு. 1935ல அதே ஸைஸ்ல அலெக்ஸாண்டர் ஸ்மகுலா பூச்சு போடற முறையைக் கண்டுபிடிச்சார். போர் முடிஞ்ச பிறகு அது சாதாரண ஜனங்களுக்கும் வந்தது. ஒத்தைப் பூச்சு போட்டா ஒவ்வொரு பரப்புலயும் இழப்பு ஒண்ணரை சதவீதம் மாதிரி குறையும். 1971ல பென்டாக்ஸ் பல அடுக்குப் பூச்சோட வந்தப்போ அது அரை சதவீதத்துக்கும் கீழ போச்சு.

இப்ப கேனான் 50 எஃப்/1.8 எஸ்.டி.எம். (2015ல வந்தது) எடுத்துக்குங்க. ஆறு கண்ணாடி, அஞ்சு தொகுதி, 10 பரப்பு. ஹீலியோஸை விட ரெண்டு அதிகம். ஆனாலும் நூத்துக்கு 95 பங்கு ஒளி உள்ள போகும். சுமார் பத்தாயிரம் ரூபாய்க்கு, கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கற அந்த ப்ளாஸ்டிக் டப்பாவுக்குள்ள இருக்கற பூச்சை 1950ல யாருக்காவது காட்டியிருந்தா, வீட்டை வித்தாவது வாங்கியிருப்பாங்க.

ஸ்கந்தாசிரமத்துப் பாறையில ஒரு சோதனை

கணக்கை நம்பாதவங்களுக்கு நம்ம ஊர்லயே ஒரு லேப் இருக்கு. ஆசிரமத்துக்குப் பின்னாடி பாதை ஏறி ஸ்கந்தாசிரமம் போற வழியில, பெரிய கோயில் முழுசும் காலடியில விரியற இடம் வரும். ஒன்பது கோபுரமும் தெரியும். 217 அடி ராஜகோபுரம் தள்ளி நிக்கும். கேமரா வச்சிருக்கற எவனும் அங்க நிக்காம போனதில்ல.

கோயில் மலைக்குக் கிழக்கே. நாம மலையில இருந்து கிழக்கே பார்க்கறோம். காலையில போனா சூரியன் நேரா மூஞ்சியில. ஒத்தைப் பூச்சு ஹீலியோஸ் 44-2ல எடுத்தா கோபுரம் எல்லாம் பால்ல முக்கி எடுத்த மாதிரி வரும், ஓரத்துல ஒரு வானவில் வளையமும் இலவசம். அதே இடத்துல அதே நிமிஷத்துல எஸ்.டி.எம். போட்டு எடுத்தா கோபுரத்து அடுக்கு எண்ணலாம். கையை நீட்டி லென்ஸுக்கு நிழல் கொடுத்தா, இல்ல ஒரு ரப்பர் ஹூட் போட்டா, ஹீலியோஸும் கொஞ்சம் சுதாரிச்சுக்கும். ஆனா ஃப்ரேமுக்குள்ளயே சூரியன் வந்துட்டா ஹூட் என்ன பண்ணும்?

சில பேருக்கு அந்தப் பால் ஊத்தின படம்தான் பிடிக்கும். தப்பே இல்ல. ஆனா ஒண்ணு. தெளிவா எடுத்த படத்தை கம்ப்யூட்டர்ல மங்கலாக்கிக்கலாம். மங்கலா எடுத்த படத்துல காணாமப் போன கோபுரத்து பொம்மையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். சூரியன் பின்னாடி இருக்கும்போது, எஃப்/8ல ரெண்டையும் வச்சு எடுத்தா, எந்தப் படம் எதுல எடுத்ததுன்னு சொல்றது கஷ்டம். நான் ப்ரிண்ட் போட்டு வச்சு நண்பர்கள்கிட்ட கேட்டுப் பார்த்தேன். ஆன்மா கட்சிக்காரர் ஒருத்தர் எஸ்.டி.எம். படத்தைக் காட்டி "இதுலதான் உயிர் இருக்கு"ன்னார். பேர் சொல்லல, அவரும் இதைப் படிப்பார் ;-)

சுழலும் பின்னணி, சுழலாத சென்சார்

ஹீலியோஸ் வாங்கறவங்க பாதிப்பேர் அதோட பின்னணிச் சுழலுக்காகத்தான் வாங்கறாங்க. முகம் நடுவுல, சுத்தி இலையெல்லாம் சுழிச்சுக்கிட்டு ஓடற மாதிரி. ஆசிரமத்து முன்வாசல்ல நிக்கற இலுப்பை மரம் மாதிரி, இலை நடுவுல ஒளி பொட்டுப் பொட்டா விழற பின்னணி கிடைச்சா அழகாத்தான் இருக்கும்.

அது ஏன் வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஏமாற மாட்டோம். ஓரத்துல இருந்து சாய்வா வர்ற ஒளியை லென்ஸோட குழாயே பாதி மறைச்சுடும். அதனால ஓரத்து ஒளிப்பொட்டு வட்டமா இல்லாம பூனைக்கண் மாதிரி ஒடுங்கும். கூடவே ஓரத்துல லென்ஸ் செய்யற பிழைகளும் சேர்ந்துக்கும். எல்லாம் நடுவைச் சுத்தி அடுக்கிக்கிட்டு நிக்கறப்போ சுழல் மாதிரி தெரியும். இந்த வடிவமைப்பு மூலத்துல ஸைஸோட பயோட்டார் 58 எஃப்/2. போருக்கு அப்புறம் சோவியத்காரங்க கொண்டுபோய் ஜெனித் கேமராவோட ஹீலியோஸா வெளியிட்டாங்க.

கவனிங்க, சுழல் ஓரத்துலதான் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் வச்சிருக்கறது க்ராப் சென்சார். அது ஓரத்தை வெட்டிட்டு நடுவை மட்டும் எடுத்துக்கும். எந்தச் சுழலுக்காக காசு கொடுத்தோமோ, அதுல பெரும்பகுதி சென்சாருக்கு வெளியில விழுந்துடும்! ஃபுல் ஃப்ரேம் வச்சிருந்தாதான் முழுசா கிடைக்கும். விக்கறவங்க விளம்பரத்துல காட்டற படம் எல்லாமே ஃபுல் ஃப்ரேம்ல எடுத்தது. அதை யாரும் சொல்றதில்ல.

மலை ஃபோகஸ் ஆகலண்ணா

அடாப்டர் விஷயத்துலயும் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. பழைய எம்42 திருகு லென்ஸ், ஃபிலிம்ல இருந்து 45.46 மி.மீ. தள்ளி நிக்கணும்னு செஞ்சது. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கு அந்த தூரம் 44. நடுவுல ஒண்ணரை மி.மீ. இடம் இருக்கு, மெல்லிசா ஒரு வளையம் போட்டா வேலை முடிஞ்சது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆருக்கு 46.5. இடமே இல்ல, லென்ஸ் ஏற்கனவே வெளியில தள்ளி நிக்குது. வெறும் வளையம் போட்டு ஹீலியோஸ் மாட்டினா, ஒண்ணரை ரெண்டு மீட்டருக்கு மேல எதுவும் ஃபோகஸ் ஆகாது. பக்கத்துல இருக்கற செம்பருத்தி வரும், அருணாசலம் வராது :-) கண்ணாடி வச்ச அடாப்டர் இருக்கு. ஆனா நல்ல லென்ஸுக்குப் பின்னாடி ஒரு மட்டமான கண்ணாடியை வைக்கறதுக்கு பேர் என்ன?

மிரர்லெஸ்ல இந்தப் பிரச்சினை இல்ல. சோனிக்கு 18 மி.மீ.தான், எதை வேணா மாட்டலாம். பெரிசாக்கிப் பார்த்து ஃபோகஸ் பண்ணலாம். விளிம்பை கலர்ல காட்டும். பழைய லென்ஸுக்கு இவ்வளவு மவுசு திரும்ப வந்ததுக்கே மிரர்லெஸ்தான் காரணம். உங்ககிட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர் இருந்தா, அதோட வ்யூஃபைண்டர் கையால ஃபோகஸ் பண்ற வேலைக்கு செஞ்சதில்லங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க.

சாமியார் முன்னாடி நிதானம் யாருக்கு?

இதுதான் எனக்கு முக்கியமான விஷயம். பழைய லென்ஸ் கட்சியோட பெரிய வாதம், "அது உன்னை நிதானமாக்கும். கையால திருகி, யோசிச்சு, ஒரே ஒரு படம் எடுப்பே." கேக்க நல்லா இருக்கு. மலையடிவாரத்துல ஒரு பாறையையோ, ஆலமரத்தையோ எடுக்கும்போது உண்மையும் கூட.

ஆனா ஆசிரமத்தைச் சுத்தி நாம எடுக்கறது பெரும்பாலும் மனுஷங்களை. ரோட்டோரத்துல உட்கார்ந்திருக்கற சாதுக்கள், பூ விக்கற அம்மா, கிரிவலம் முடிச்சு கால் வலியோட உட்கார்ந்திருக்கற பாட்டி. 58 மி.மீ. எஃப்/2ல, ஒண்ணரை மீட்டர் தூரத்துல, க்ராப் சென்சார்ல, தெளிவா இருக்கற ஆழம் மொத்தமே 5 சென்டிமீட்டர்தான். சாமியார் லேசா தலையை ஆட்டினா போச்சு. தாடி ஷார்ப்பா இருக்கும், கண்ணு மங்கலா இருக்கும். உடனே நம்மாளு, "சாமி, இன்னும் ஒரு தடவை... சாமி, அசையாம... சாமி, இங்க பாருங்க..." அந்தப் பெரியவர் காலையில இருந்து நம்மள மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்?

நிதானம் நமக்கு, தொல்லை அவருக்கு. இதை நான் அங்க நின்னு பலதடவை பார்த்திருக்கேன். போட்டோகிராஃபர் தன்னோட லென்ஸோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார். எதிர்ல இருக்கறவர் முகத்துல முதல் நொடியில இருந்த சிரிப்பு போய், வாடகைக்கு விட்ட முகம் வந்துடுது. அப்புறம் அதையே எடுத்துட்டு வந்து "ஆன்மா"ன்னு தலைப்பு போடறோம்.

தானா ஃபோகஸ் ஆகற லென்ஸ் கண்ணைப் பிடிச்சு ஒரு நொடியில முடிச்சுடும். மீதி நேரம் அவரோட பேசலாம், பக்கத்துல உட்காரலாம், டீ வாங்கிக் கொடுக்கலாம். எடுக்காமலும் வரலாம். ஹால்ல கண்ணை மூடி தியானத்துல இருக்கறவங்களை எந்த லென்ஸ்லயும் எடுக்காம இருக்கறதுதான் மரியாதைன்னு நான் நினைக்கறேன். நிதானம் வேணும்னா அது லென்ஸோட ஸ்விட்ச்ல இல்லங்க. புது லென்ஸ்லயும் ஆட்டோ ஃபோகஸை அணைச்சு வைக்க ஒரு வழி இருக்கு, அதுக்கு தனியா காசு கிடையாது.

பூசணம்

நம்ம ஊர்ல பழைய லென்ஸ் வாங்கறவங்க முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். ஃபங்கஸ். ஐப்பசி கார்த்திகை மழையில துணியே காய மாட்டேங்குது, தோல் பைக்குள்ள மூடி வச்ச லென்ஸ் என்ன ஆகும்? உள்ள கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி படரும். ஆரம்பத்துலயே பிரிச்சு துடைச்சா தப்பிக்கும். நாளானா அது சுரக்கற அமிலம் பூச்சையே அரிச்சுடும், அதை யாராலயும் சரி பண்ண முடியாது.

தெரிஞ்ச ஒருத்தர் இணையத்துல "புதுசு போல இருக்கு"ன்னு போட்டிருந்ததை நம்பி ஒரு லென்ஸ் வாங்கினார். வந்ததும் டார்ச் அடிச்சுப் பார்த்தா உள்ள மூடுபனி. திருப்பி எடுத்துக்க விக்கறவர் மறுத்துட்டார். சுத்தம் பண்ற கூலி, அடாப்டர், கொரியர் எல்லாம் கூட்டினப்போ புது எஸ்.டி.எம். விலை வந்துடுச்சு. வாரண்டியோட கிடைக்கறதுக்கு பதிலா மூடுபனியோட கிடைச்சது.

அப்படியும் வாங்கியே தீருவேன்னா:

- பின்பக்கத்துல இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கமா பாருங்க. வலை, மூடுபனி, ஒட்டின கண்ணாடி பிரிஞ்ச வானவில் கறை இருந்தா வேண்டாம். நாலு தூசி இருந்தா பரவாயில்ல.
- உள்ள இருக்கற இதழ்கள்ல எண்ணெய் இருக்கான்னு பாருங்க. நம்ம வெயில்ல பழைய கிரீஸ் இளகி அங்க வந்துடும்.
- சூப்பர் டகுமார் 50 எஃப்/1.4 மஞ்சளா இருந்தா பயப்பட வேண்டாம். தோரியம் கலந்த கண்ணாடி, வயசானா மஞ்சளிக்கும். சில நாள் வெயில் காட்டினா பெரும்பாலும் தெளிஞ்சுடும்.
- அரிசி டப்பாக்குள்ள லென்ஸை வைக்காதீங்க, மாவுத் தூசி போகும். காத்துப் புகாத ப்ளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், அவ்வளவுதான். ஜெல்லை அப்பப்ப சூடு பண்ணி உலர்த்துங்க.

பழசு ஜெயிக்கற இடம்

இவ்வளவு சொன்னதும், இவன் பழசுக்கு விரோதின்னு நினைக்காதீங்க. என் பையில ஹீலியோஸ் இன்னும் இருக்கு. சில இடத்துல அதை அடிச்சுக்க ஆளில்ல.

முதல் இடம், ராத்திரி. கார்த்திகை தீபத்தன்னிக்கு இருட்டுல மலை உச்சியில ஒரு சுடர். எஸ்.டி.எம். லென்ஸ்ல தூரம் எழுதின அளவே கிடையாது, வளையத்தைத் திருகினா மோட்டார்தான் நகரும், முடிவே இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும். ஹீலியோஸை கடைசி வரைக்கும் திருகினா 'டக்'னு நிக்கும், அதுதான் முடிவிலி. (மட்டமான அடாப்டர்ல இது லேசா தள்ளிப்போகும், பகல்லயே ஒருதடவை சரிபார்த்துடுங்க.)

ரெண்டாவது, கத்துக்கறது. அபர்ச்சர் வளையத்தைக் கையால திருகி, இதழ் மூடறதைக் கண்ணால பார்த்த பையனுக்கு எஃப் எண்ணைப் பத்தி தனியா பாடம் எடுக்க வேண்டாம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். ஆயுசு. இந்தப் பத்தாயிரம் ரூபா லென்ஸோட மோட்டார் செத்தா, ரிப்பேர் செலவும் புது லென்ஸ் விலையும் கிட்டத்தட்ட ஒண்ணாகிடும். தூக்கித்தான் போடணும். ஹீலியோஸ்ல சாகறதுக்கு மோட்டாரே இல்ல. திருகைக் கழட்டி, துடைச்சு, புது கிரீஸ் வச்சா இன்னொரு தலைமுறைக்கு ஓடும். அந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்குகள் குறைஞ்சுக்கிட்டே வர்றதுதான் கவலை. புதுசோட கண்ணாடியும் பழசோட உடம்பும் சேர்ந்து ஒரே விலையில கிடைச்சா நான் வாதாடவே வேண்டாம். டி.டி.ஆர்டிசன், செவன் ஆர்டிசன்ஸ் மாதிரி சீனக் கம்பெனிகள் உலோக உடம்போட கையால திருகற புது லென்ஸ்களை மலிவா போடறாங்க. மிரர்லெஸ் வச்சுக்கிட்டு "திருகற சுகம்தான் வேணும்"ங்கறவங்க, யாரோ வச்சிருந்த பூசணத்துக்கு காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அதைப் பார்க்கலாம்.

வீட்ல இருக்கற பழசை விக்காதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான். மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ்ப் புத்தகம் நம்ம வீடுகளுக்கு வந்த காலத்துலயே ஜெனித் கேமராவும் நம்ம நாட்டுக்கு வந்தது. அப்பாவோ மாமாவோ வாங்கினது அலமாரி மேல இருக்கலாம். ஃபிலிம் இல்லன்னு ஒதுக்கி வச்சிருப்பீங்க. லென்ஸை மட்டும் திருகி எடுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தமா இருந்தா, கேனானோ மிரர்லெஸ்ஸோ வச்சிருந்தா, ஒரு வளையம் வாங்கற செலவுதான். உங்களைச் சின்ன வயசுல எடுத்த அதே கண்ணாடி வழியா உங்க பிள்ளையை எடுக்கலாம். அதுல ஆன்மா இருக்குன்னு நீங்க சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன். ஏன்னா அது உங்க வீட்டுக் கதை. கடையில விக்கறதில்ல.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில்: "புது ஐம்பதை வாங்கு. மிச்சம் ஏதாவது இருந்தா பஸ்ஸுக்கு வச்சுக்கோ. ஒரே இடத்துக்கு பத்து தடவை வா. டாக்டர் கிருஷ்ணசாமி அப்படித்தான் எடுத்தார்."

டிஸ்கி: நான் எந்த லென்ஸ் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்ல. ஆன்மா கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம், ஆனா வரும்போது சூரியனைப் பார்த்து எடுத்த படம் ஒண்ணோட வாங்க. வீட்டு அலமாரியில பழைய லென்ஸ் கிடைச்சவங்க, என்ன லென்ஸ், என்ன நிலைமையில இருக்குன்னு எழுதுங்க. பூசணம் இருந்தா மறைக்காம சொல்லுங்க, எப்படி சுத்தம் பண்றதுன்னு சேர்ந்து பார்ப்போம்.